ஆகாத நிறம்

அவள் வளர்ந்த வீட்டில் நீல நிறத்தில் ஒரு வாளிகூட இருந்ததில்லை. திரைச்சீலை பழுப்பு, சோப்பு பச்சை, பேனா கறுப்பு. கடையில் நீல வாளிதான் இருக்கிறது என்றால் அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்து, ஓட்டை வாளியையே துணி வைத்து அடைத்து ஓட்டுவாள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சீருடை நீலம் என்பதால், பேருந்து மாறிப் போக வேண்டிய வேறொரு பள்ளியில் அப்பா அவளைச் சேர்த்தார். தலைமையாசிரியை காரணம் கேட்டபோது, "இவளுக்கு அந்த நிறம் ஆகாதுங்க" என்றாராம். ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் சொல்வது மாதிரி.

நிறம் ஆகாததற்குக் காரணம் அப்பாவின் வலது கை நடுவிரலில் இருந்தது. வெள்ளி மோதிரம். அதில் ஒரு நீலக்கல்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில், அடிப்பள்ளத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, மேலே நிறுத்தியிருந்த கூண்டு பிடிவிட்டு இறங்கியது. அப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பிழைத்தார். கூட நின்ற கூட்டாளி பிழைக்கவில்லை. அதன்பிறகு அவருக்குப் பள்ளத்தில் இறங்கக் கால் வரவில்லை. படுத்தால் தூக்கமும் வரவில்லை. யாரோ சொல்லி ஒரு ஜோசியரிடம் போனார். துலா லக்னம், சனிதான் உமக்குக் கண்கண்ட தெய்வம், அவன் பலமிழந்து கிடக்கிறான், நீலம் போடும் என்றார் ஜோசியர். ஆனால் நீலம் எல்லோரையும் ஏற்றுக்கொள்கிற கல் இல்லையாம். முதலில் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்குத்தான் அப்பா, விபத்துக்குப் பிறகு முதல்முறையாக, அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். சனிக்கிழமை காலையில் கல்லைப் பாலில் கழுவி, எள்ளெண்ணெய் விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு விரலில் ஏற்றினார். மறுவாரம் பள்ளத்தில் இறங்கினார். இதில் கல்லுக்கு எவ்வளவு பங்கு, தூக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்று பாகம் பிரித்துப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பிழைத்தவன் எதற்குக் கணக்குக் கேட்கப் போகிறான்?

ஜோசியர் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும், அது தோலைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என்றைக்காவது கழற்றினால் கல்லின் சூடு ஆறக்கூடாது. "உம்ம ரத்தத்துல வந்தவங்க கையில இருந்தாலும் சரி, கல்லுக்கு அது உம்ம கைதான்" என்றாராம். அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. அந்த வாக்கு மட்டும் வீட்டில் ஒரு கிழட்டு உறவினரைப்போல மூலையில் உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தது.

மகளோ சிம்ம லக்னம். சூரியன் வீடு. சூரியனும் சனியும் அப்பனும் பிள்ளையும்தான், ஆனால் ஜென்மப் பகை. சிம்மக்காரிக்கு நீலம் விஷம் என்று அதே ஜோசியர் சொல்லியிருந்தார். சொன்னதோடு போயிருந்தால் அதுவும் நூறு பேச்சில் ஒரு பேச்சாகப் போயிருக்கும். அவள் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்னால் ஒருநாள், அப்பா கைகளில் அப்பியிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவுவதற்காக மோதிரத்தைக் கழற்றி இடது கைக்குள் பொத்திப் பிடித்திருந்தார். அவள் விளையாட்டாக அந்தக் கையைப் பிரித்து மோதிரத்தை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஓடினாள். வீடு சிரித்தது. மாலையில் பூங்கா ஊஞ்சலிலிருந்து விழுந்து கை முறிந்தது. அதற்குப்பிறகு வீடு சிரிக்கவில்லை.

நீல வாளியும் நீலச் சீருடையும் போனதை அவள் பெரிதாக நினைத்ததில்லை. வளர்ந்து, தனக்கென்று ஒரு குழந்தை பிறந்து, அதைத் தூக்கிக் கொஞ்சும்போதுதான் வேறொன்று புரிந்தது. கை முறிந்த நாளிலிருந்து அப்பா தன் வலது கையால் அவளைத் தொட்டதே இல்லை. சாலையைக் கடக்கும்போது இடது கை. காய்ச்சலில் நெற்றி பார்க்க இடது கை. கல்யாணத்தில் அவளைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும், வலது விரல்களில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். வந்திருந்தவர்கள் காயம் என்று நினைத்தார்கள்.

அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாடிக்கையாளர் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து வரும் துண்டைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து கொடுப்பது அவள் வேலை. இயந்திரம் சொல்லும் அளவுக்குமேல் ஒரு சொட்டு மஞ்சள், ஒரு சொட்டு கறுப்பு என்று சேர்த்து, அட்டையில் தடவி, காய விட்டுப் பார்ப்பாள். ஈரத்தில் ஒன்றாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வேறொன்றாக நிற்கும். கடையில் அவளுக்குப் பேர் கலரக்கா. நீலம் கலக்காமல் அந்த வேலை நடக்குமா? சாம்பலில் நீலம் உண்டு, பச்சையில் உண்டு, தூய வெள்ளையில்கூட ஒரு துளி உண்டு. தினமும் நகக்கண்ணில் ஏறும் நீலத்தைப் பிறந்த வீட்டுக்குப் போகிற நாளில் மட்டும் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டு போவாள். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை உரசிப் பார்க்க வேண்டிய நாள் வரும்வரை சொல்லிக்கொள்வதில் என்ன சிரமம்?

அப்பாவின் குடலில் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தது. வயிறு கல்லுபோல் உப்பியிருந்தது. அன்றே அறுவை செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் குடல் அழுக ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அப்பா கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட வாங்கிவிட்டார். அப்போதுதான் நர்ஸ் வந்து, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, மின்சாரக் கருவியால் சுடும், கை வீங்கினால் விரலே போய்விடும், மோதிரத்தைக் கழற்றுங்கள் என்றாள். அப்பா பேனாவை மூடி வைத்தார்.

"இது இல்லாம உள்ள போக மாட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

தம்பி சரக்குக் கப்பலில் இருந்தான். அவன் ரத்தம்தான், அவன் ஜாதகத்துக்கு நீலம் பகையும் இல்லை. ஆனால் நடுக்கடலில் இருக்கிறவனை என்ன செய்ய முடியும்? தொலைபேசியில் விட்டுவிட்டுக் கேட்ட குரலில், அப்பாவை எப்படியாவது சம்மதிக்க வை அக்கா என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் கணவர் நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னார்: மோதிரத்தை வெந்நீர் ஃபிளாஸ்கில் போட்டு வைக்கலாமே, சூடுதானே ஆறக்கூடாது? அம்மா மருமகனைப் பார்த்த பார்வையில் ஃபிளாஸ்கே ஆறிப்போயிருக்கும். பால் வாங்கி வரும் சாக்கில் அவர் மெல்ல நழுவினார்.

அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். வலி அலையலையாக வந்து போவது உதட்டில் தெரிந்தது. வலது கையைப் போர்வைக்கடியில், அவளுக்கு எட்டாத பக்கமாக வைத்திருந்தார். அவள் வந்து உட்கார்ந்ததிலிருந்தே அந்தக் கை அங்கேதான் இருந்தது. மோதிரத்தை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக அல்ல என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. சம்மதித்தால் அடுத்து யார் பேர் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் சாகத் தயாராகப் படுத்திருக்கிறார்.

"நான் போட்டுக்கறேன்" என்றாள்.

"வாயை மூடு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

அம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்து, "பைத்தியக்காரி மாதிரி பேசாதடி. ஒரு கண்ணைக் காப்பாத்த இன்னொரு கண்ணைக் குத்திக்கச் சொல்றியா?" என்று காதுக்குள் சொன்னாள்.

வாதம் செய்யலாம். ஊஞ்சலிலிருந்து விழுகிற பிள்ளைகளெல்லாம் நீலம் போட்டா விழுகின்றன என்று கேட்கலாம். கேட்டால் அப்பா பதில் சொல்லிக்கொண்டே இருப்பார், உள்ளே குடல் அழுகிக்கொண்டே இருக்கும். அவள் நாற்காலியைக் கட்டிலின் அந்தப் பக்கத்துக்கு, வலது கைப் பக்கத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, உங்க நம்பிக்கையை மாத்த நான் வரலை. கல்லு சூடு ஆறக்கூடாது, நம்ம ரத்தமா இருக்கணும். அவ்வளவுதானே? என் கை நல்லா சூடாத்தான் இருக்கு."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு ஆகறது ஒருவேளை. உங்களுக்கு ஆகறது நிச்சயம்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கார்."

"ஒருவேளை இல்லம்மா." அவர் இப்போது கண்ணைத் திறந்தார். "உன் கை தொங்கினதை நான் பாத்திருக்கேன். நான்தான் தூக்கிட்டு ஓடினேன். அன்னைக்கே இதைக் கழட்டி எறிஞ்சிருக்கணும். பள்ளத்துக்குப் பயந்துகிட்டு எறியலை."

இத்தனை வருஷமாக அந்தக் கையை அவர் விலக்கி விலக்கி வைத்தது அவளை வெறுத்து அல்ல, தன்மேல் இருந்த குற்ற உணர்வில். ஆனால் அழுதால் காரியம் கெட்டுவிடும். அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தாள்.

"சூரியனுக்கும் சனிக்கும் ஆகலைன்னா அது அவங்க வீட்டு விவகாரம். அப்பன் பிள்ளை என்னவோ பண்ணிக்கட்டும். நம்ம வீட்டுல இன்னைக்கு நான் சொல்றதை நீங்க கேக்கறீங்க. கையை நீட்டுங்க."

அவர் நீட்டவில்லை. அவளே போர்வையை விலக்கி, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், பலம் போதவில்லை. விரல் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. நர்ஸ் சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தாள், மோதிரம் அசையவில்லை. இல்லையென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றாள். அதற்குள் அம்மா தன் பையைத் திறந்து நூற்கண்டை எடுத்து நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் நூலின் முனையை மோதிரத்துக்கடியில் நுழைத்து, மேலே கணு வரைக்கும் நெருக்கமாகச் சுற்றி, அடி நூலைப் பிடித்துச் சுற்றைப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் இம்மி இம்மியாக ஏறியது. கணுவில் வந்து நின்றபோது அப்பா பல்லைக் கடித்தார். தாண்டியது. ஆற விடாமல், காற்றுப் பட விடாமல், அவர் விரல் நுனியைத் தன் விரல் நுனியோடு சேர்த்து வைத்து நேரே தன் நடுவிரலில் இறக்கிக்கொண்டாள். தொளதொளவென்று இருந்தது. அதே நூலை வளையத்தின் அடிப்பக்கத்தில் சுற்றி இறுக்கினாள்.

அப்பா கையெழுத்துப் போட்டார். சக்கரப் படுக்கை கதவுக்குள் போகும்வரை அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் நாற்காலிகள் வரிசையாகச் சுவரோடு இருந்தன. அம்மா ஒரு நாற்காலி இடம்விட்டு உட்கார்ந்தாள். கோபமா பயமா தெரியவில்லை. கல் கனமாக இல்லை. திறந்த அடிப்பக்கம் தோலில் வழவழவென்று பட்டுக்கொண்டிருந்தது, அப்பாவின் சூடு இன்னும் அதில் இருப்பதுபோல் இருந்தது. அவள் கண் பழக்கதோஷத்தில் அதற்கு நிறம் சொல்லப் பார்த்தது. நீலம், அதற்குள் கொஞ்சம் ஊதா, ஓரத்தில் சாம்பல். கடையில் கேட்டால் கலந்து கொடுத்துவிடுவாள். நிறத்தைச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை.

அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நம்பாதவளுக்கு ஏன் உள்ளங்கை வியர்க்கிறது? எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது ஈரத்தரையைச் சுற்றிக்கொண்டு போனாள். படி இறங்க வேண்டிய இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, நேர் கீழே உட்காராமல் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். நம்பிக்கையை வாயால் மறுத்துவிடலாம். முழங்காலுக்கும் கழுத்துக்கும் யார் போய்ச் சொல்வது? அவற்றை வளர்த்தது அந்த வீடு.

கைப்பேசி அடித்தது. மகள் படிக்கும் பள்ளியிலிருந்து. விளையாடும்போது விழுந்துவிட்டாள், வாயில் ரத்தம், யாராவது வர முடியுமா என்று ஆசிரியை கேட்டார். அவள் எழுந்து நின்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தே பாதியை வாசித்துவிட்டாள்.

"யாருக்கு?"

"குட்டிக்கு. விழுந்துட்டாளாம்."

அம்மா இடைவிட்டிருந்த நாற்காலியைத் தாண்டி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "கழட்டுடி. இப்பவே கழட்டு. நான் அப்பவே சொன்னேன்."

"உள்ள அப்பா வயித்தைத் திறந்து வெச்சிருக்காங்கம்மா."

"அவர் வாழ்ந்து முடிச்சவர். அவரே உனக்கு வேண்டாம்னுதான் சொன்னார். குழந்தைடி."

இடது கை தானாகவே மோதிரத்துக்கு வந்துவிட்டது. நூல்சுற்று விரல் நுனியில் நெருடியது. ஒரு இழுப்பு. யாருக்கும் தெரியாது, அப்பா மயக்கத்தில் இருக்கிறார், திரும்ப மாட்டிக்கொண்டால் போகிறது. மகளின் வாயும் ரத்தமும் கண்ணில் நின்றன. அந்த ஒரு கணத்தில் அவள் அப்பாவாகவே ஆகிவிட்டாள். தொங்குகிற கையைப் பார்த்தபடி ஓடிய மனிதர். அவருக்கு என்ன காரணம் வேண்டியிருந்தது, என்ன ஜாதகம் வேண்டியிருந்தது? பயம் வந்தவனுக்கு உதற ஏதாவது ஒன்று கையில் கிடைத்தால் போதும். அவர் கல்லை உதறவில்லை, கையையே உதறிவிட்டார். மகளைத் தொடுகிற கையை.

தான் இன்று இதைக் கழற்றினால் நாளைக்குத் தன் மகளிடமிருந்து எதை ஒளித்து வைக்கப் போகிறோம் என்று நினைத்தாள். இடது கையை மோதிரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் சொன்னார். ஆனா நான் வாக்குக் குடுத்திருக்கேன். குட்டியைப் பாக்க அவங்க அப்பா போவார்."

கணவரைக் கூப்பிட்டாள். அவர் வாங்கின பாலோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்படியே திரும்பிப் போனார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முணுமுணுவென்று எந்தெந்தத் தெய்வத்தையோ கூப்பிட்டாள். சனியையும் கூப்பிட்டாள், அவரிடம் மட்டும் கொஞ்சம் அதட்டலாக.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீண்டது என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. வலது கையை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்ததுதான் நினைவு. உள்ளங்கையில் நகம் பதிந்திருந்தது. கணவர் கூப்பிட்டபோது அவர் குரலுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஆடிக்கிட்டிருந்த பல்லுதான். அவ விழறப்ப பக்கத்துப் பொண்ணு முழங்கை பட்டுக் கழண்டிருக்கு. பல்லைக் காகிதத்துல மடிச்சு வெச்சுக்கிட்டு ஊருக்கே காட்டறா. பாலை வேற குடிச்சிட்டா."

அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா, "பல்லோட போச்சு" என்றாள். கல்லின் கணக்கில் அதை வரவு வைத்துவிட்டாள் என்று தெரிந்தது. வாரக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த பல்தானே அது என்று சொல்லப் போனாள், விட்டுவிட்டாள். அம்மாவும் நாற்காலியை மாற்றிக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

டாக்டர் வெளியே வந்து, அடைப்பை எடுத்துவிட்டோம், நல்ல நேரத்தில் திறந்தோம் என்றார். நல்ல நேரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா மோதிரத்தைப் பார்த்தாள். அவளோ டாக்டரின் கைகளைப் பார்த்தாள்.

மறுநாள் மதியம் அப்பாவைப் பார்க்க விட்டார்கள். முகம் வெளிறி, உதடு வெடித்து, ஆனால் கண் தெளிவாக இருந்தது. அவர் முதலில் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கை இருக்கிறது, கால் இருக்கிறது. அதற்கப்புறம்தான் அவள் விரலைப் பார்த்தார்.

"குடு. போட்டுக்கறேன்."

நர்ஸ் குறுக்கே வந்தாள். ஊசிக்குழாய் ஏறிய கை உரலாக வீங்கியிருக்கிறது, வீக்கம் வடியும்வரை மோதிரப் பேச்சே கூடாது என்றாள். அப்பா தன் வீங்கிய விரலைப் பார்த்தார்.

"அப்ப கழட்டிரும்மா" என்றார். "பரவாயில்லை. ஆறட்டும்."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கட்டிய நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை அது.

"நேத்தே கழட்டியிருப்பேன்" என்றாள் மகள். "இப்ப முடியாது. உங்க விரல் வடியட்டும்."

"நான்தான் சொல்றேனே."

"நீங்க சொல்லலாம். கல்லு உங்களுது, ஆனா கை என்னுது. நாளைக்குக் கடைக்கும் இதோடதான் போகப் போறேன். நீலம்தான் தினமும் கலக்கறேன், தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும் என்று அம்மாவின் முகம் சொன்னது. நகக்கண்ணை எத்தனை தேய்த்தாலும் அம்மாக்கள் பார்த்துவிடுகிறார்கள்.

"பிடிவாதம்" என்றார் அப்பா. "யாரு மாதிரியோ."

அவர் தானே கழற்றிவிடும் எண்ணத்தோடு கையை நீட்டினார். வலது கை. வீங்கியும் ஊசி குத்தியும் இருந்த கை, மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையத் தடம். அது வந்து அவள் விரலைப் பிடித்தது. மோதிரத்தைத் திருகப் போனவர், எந்தக் கையால் பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார். பிடி தளர்ந்தது. பழைய வழக்கப்படி பின்னால் போகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அவள் தன் விரல்களை மடக்கி அந்தக் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கல் இருவர் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அவர் இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.

"சூடா இருக்கா?" என்று கேட்டாள்.

"ம்" என்றார் அப்பா. அப்புறம் இழுக்கவில்லை.